அற்புதராணியின் கண்டிப் பயணம்

மட்டுவில் ஊர் அற்புதராணி கலியாணம் கட்டாதவள். நாற்பத்தைந்து வயதுவரை தமையன் கனகசபாபதி வீட்டு அடுப்படிதான் அவளுக்கு உலகம். தமையன் கண்டிக்குப் பக்கத்துப் பேராதனையில் றெயில்வே கிளாக்கராக இருந்த காலத்தில் அவளும் அங்கேதான் இருந்தாள். அவருடைய மகள் தயாபரியைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமையன் குடும்பம் பூங்கா பார்க்கப் போகும். அவர்கள் பசியோடு திரும்பி வருவார்கள் என்று இவள் கறி காய்ச்சிக்கொண்டிருப்பாள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எல்லாரும் உடுத்த உடுப்போடு ஊர் வந்து சேர்ந்தார்கள். அத்தனை வருசம் பக்கத்திலேயே இருந்தும் அந்தப் பூங்கா வாசலை அவள் மிதித்ததில்லை.

பத்து வருசம் கழித்து, தயாபரிக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்தியது. மாப்பிள்ளையால் யாழ்ப்பாணம் வர முடியாது. கொழும்பில் கலியாணம், முடிந்த கையோடு கண்டியும் நுவரெலியாவும் சுற்றிப் பார்ப்பது என்று பேச்சாயிற்று.

"மாமி, நீங்கள்தான் பிளான் போடவேணும். எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை" என்றாள் தயாபரி.

அற்புதராணிக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி எல்லாரையும் இருத்தி வைத்துச் சொன்னாள்: "காலமை றெயினிலை வலப்பக்கத்துச் சீற்றிலை இருக்கவேணும். அங்காலைதான் பள்ளம் தெரியும். முதல்நாள் பூங்கா. பின்னேரம் கண்டி வாவிக்கரை. அடுத்தநாள் நானுஓயாவிலை இறங்கினால் நுவரெலியாவுக்கு பஸ் நிக்கும்."

பக்கத்து வீட்டுப் பூரணத்திடம் ஒரு பழைய சுவெட்டரை இரவல் வாங்கிவந்து, புழுங்கித் தள்ளுகிற சித்திரை வெயிலில் அதைப் போட்டுப் பார்த்தாள். தயாபரி விழுந்து விழுந்து சிரித்தாள். இவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே போகப் புலிகள் இயக்கத்தின் பாஸ் வேண்டும். போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று ஊரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லாருமாகச் சாவகச்சேரிக்குச் சைக்கிளில் போனார்கள். பாஸ் கொடுக்கும் இடத்தில் இருந்த பெடியன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆர் பிணை?"

கனகசபாபதி நாடியைத் தூக்கித் தங்கச்சியைக் காட்டினார். "இவ நிப்பா."

அற்புதராணி தயாபரியைப் பார்த்தாள். தயாபரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அண்ணன் பெண்சாதி பாலேஸ்வரி ஆறுதல் சொன்னாள். "ஒரு கிழமைதானே மச்சாள். உங்களுக்கு உந்தக் குளிரும் ஒத்துவராது."

வீட்டுக்கு வந்ததும் தயாபரி கேட்டாள்: "மாமி, அந்தச் சுவெட்டரைத் தாங்கோவன். இனி உங்களுக்குத் தேவைப்படாது."

அற்புதராணி மடித்துக் கொடுத்தாள். வழிக்கென்று பொரிவிளாங்காயும் உருட்டிக் கட்டிக்கொடுத்தாள். அவர்கள் கிளாலிக் கரைக்குப் போய் வள்ளம் ஏறினார்கள்.

ஒரு கிழமை போயிற்று. ஒரு மாதமும் போயிற்று. இயக்கத்தார் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விடிய மர வாங்கில் இருத்தினால் பொழுதுபடத்தான் விடுவார்கள். "எங்கை உங்கடை ஆக்கள்?" என்று கேட்கும்போதெல்லாம், "மலைநாட்டிலை மழையாம், பாதை மறிபட்டிருக்கும். வருவினம் தம்பி" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னாள்.

ஒருநாள், கொழும்பு போய்த் திரும்பிய ஊர்க்காரர் செல்வரட்ணம் படலையில் சைக்கிளை நிறுத்தினார். கலியாணத்தில் நின்று சாப்பிட்டவர்.

"கண்டி, நுவரெலியா எல்லாம் வடிவாய்ப் பாத்தவையாம். நீ சொன்ன மாதிரி வலப்பக்கம்தான் இருந்தவையாம். பிறகு தாய், தேப்பன், பெட்டை மூண்டுபேரும் கனடாவுக்கு ஏறியிட்டினம். போன வருசமே ஒழுங்கு செய்ததாம்."

"என்னைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லையோ?"

செல்வரட்ணம் சைக்கிளைத் திருப்பிப் பிடித்தார். "நான் கேட்டனான். 'அவள் தனியப் பழகினவள், சமாளிப்பாள்' எண்டு உன்ரை அண்ணை சொன்னார்."

அற்புதராணி படலையைச் சாத்திவிட்டு, நேரே சாவகச்சேரிக்கு, பாஸ் கொடுக்கும் இடத்துக்கு நடந்தாள். "இனி வரமாட்டினம். இவ்வளவு நாளும் நான் சொன்னது பொய்" என்றாள்.

மறுநாள் இயக்கத்தார் வந்து, பிணைக்கு ஈடாக வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோனார்கள். ஒரு பெட்டியும் பாயும் எடுக்க விட்டார்கள். பூரணம் தன் குசினிப் பக்கத்துத் தாழ்வாரப் பத்தியில் இடம் கொடுத்தாள். "நாலு நாளைக்கு இரு" என்றவள், அடுத்த நாளே மா இடிக்க உலக்கையையும் கொடுத்தாள். சுவெட்டரைப் பற்றியும் கேட்டாள்.

அடுத்த மாரியில் கனடாவிலிருந்து ஊருக்குச் சேதி வந்தது. பனியில் வழுக்கி விழுந்த கனகசபாபதி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாராம். பூரணம்தான் அழுதபடி ஓடிவந்து சொன்னாள்.

"எடியே, கூடப்பிறந்தவரெல்லே! எழும்பித் தலை முழுகு. சாவுத் துடக்கு வீட்டிலை உலை வைக்கக் கூடாது."

அற்புதராணி கண்ணைக் கசக்கினாள். விறகு ஈரம், புகை வந்துகொண்டிருந்தது. ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதி எரித்தாள்.

"இது உங்கடை வீட்டு உலை அக்கா. எனக்கு ஒரு துடக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டு அரிசியைக் களைந்து போட்டாள்.