அம்மா ஒதுங்கியிருந்த ஐந்து நாட்கள்

தோகாவுக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது வெயில் இல்லை. மாதவிலக்கு வந்தால் ஒதுங்கி உட்கார இங்கே இடமில்லை என்பதுதான். நஜ்மா பகுதியில் எங்கள் வீடு ஒற்றை அறை. கட்டில், அடுப்பு, சாமிப் படம் எல்லாம் பத்தடிக்குள். விடிவதற்குள் கட்டட சைட்டுக்குக் கிளம்புகிற கணவருக்கு நான் சமைக்காவிட்டால் வேறு யார் சமைப்பது? முதல் மாதமே அடுப்படிக்குப் போய்விட்டேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. வயிறுதான் படுத்தி எடுத்தது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் அதற்கென்றே கொல்லையில் ஒரு சின்ன அறை இருந்தது. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர். சித்தியும் அத்தையும் மூன்று நாள் முடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். அம்மா மட்டும் ஐந்து நாள் இருப்பாள். ஆசாரத்தில் என் வீட்டுக்காரியை யாரும் அடித்துக்கொள்ள முடியாது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். சோறு வைக்கப் போகும்போது, அவள் முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு, முந்தானையைக் கடித்தபடி படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒதுங்கியிருக்கிறவர்கள் அப்படித்தான் படுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே வலி தொடங்கியபோது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றாள். அப்புறம், பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றாள். கல்யாணமும் ஆயிற்று, மகளும் பிறந்தாள். வலி அப்படியே இருந்தது.

இங்கே ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. மாதாமாதம் இரண்டு நாள் லீவ் போட வேண்டியிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, காய்ச்சல் என்று சொல்லித் தொலைத்தேன். மானேஜர் மலையாளி, நல்ல மனுஷர். மாதம் தவறாமல் வருகிற காய்ச்சல் மலேரியாவாகத்தான் இருக்கும் என்று பயந்துபோய், ரத்தம் சோதித்துச் சீட்டு வாங்கி வந்தால்தான் டூட்டி என்று என்னை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

அங்கே இருந்தவர் சூடான் நாட்டு லேடி டாக்டர். திக்கித் திணறி அவரிடம் உண்மையைச் சொன்னேன். அம்மாவுக்கு இந்த மாதிரி வலி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன், யோசிக்கவே இல்லை. அந்த நாட்களில் அம்மா படுத்துக்கொள்வாரா என்று அடுத்த கேள்வி.

“படுப்பாங்க, அஞ்சு நாள். அது வலி இல்ல டாக்டர், எங்க வழக்கம்.”

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். உங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் ஐந்து நாளா என்று கேட்டார். மூன்று நாள் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கூடுதல் இரண்டு நாளைப் பற்றி இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒரு ஆள் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. பாவி, சோற்றை வைத்துவிட்டு விளையாடப் போயிருக்கிறேன்.

ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு சிறு துளையிட்டு உள்ளே பார்த்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொன்னார்கள். கர்ப்பப்பைக்குள் வளர வேண்டிய சதை போன்ற ஒன்று வெளியிலும் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயே கசிந்து, போக வழியில்லாமல் புண்ணாக்குமாம். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு அதிகமாம். பயப்படுவதற்குப் பதிலாக எனக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. நான் நடிக்கவில்லை என்பதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதே.

வெள்ளிக்கிழமை போன் கார்டு வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உனக்குமா என்றாள். கார்டில் நிமிஷங்கள் கரைந்துகொண்டிருந்தன. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“வலின்னு சொல்லியிருந்தா எழுப்பி மாவரைக்க விட்டிருப்பாங்கடி. தீட்டுன்னா ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க. அதான் ரெண்டு நாள் கூடச் சொல்லிக்கிட்டேன்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த அறையை நான் எத்தனை திட்டியிருப்பேன்! அவளுக்குக் கிடைத்த ஒரே சிக் லீவ் அதுதான். இவ்வளவு தெரிந்தவள் என்னிடம் ஏன் கல்யாணம், பிள்ளை என்று கதை சொன்னாள்? கேட்டேவிட்டேன். அவளுக்கு அவள் அம்மா சொன்னது அதுதானாம். என்னை மன்னிச்சுடு என்றெல்லாம் சொல்லவில்லை. டாக்டரிடம் தன் பெயரையும் எழுதச் சொல் என்றாள், பங்கஜம் என்று. அடுத்த முறை போனபோது டாக்டர் அம்மாவின் பெயரையும் வலியையும் கேட்டுக் கேட்டு என் ஃபைலில் எழுதிக்கொண்டார்.

போன மாதம் என் மகள் பள்ளியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பதின்மூன்று வயது. ‘எல்லாருக்கும் இருக்கறதுதான்’ என்று என் வாய்க்குள் வந்துவிட்டது, கடித்து விழுங்கினேன். மறுநாளே அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் என் ஃபைலை எடுத்து, அதில் இருந்த பங்கஜம் என்ற பெயரைத் தொட்டுக்காட்டி, “இந்தப் பாட்டி இப்போது எப்படி இருக்கிறார்?” என்று மகளிடம் கேட்டார்.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு எல்லாம் ஊரில் பத்திரமாக இருக்கின்றன. அவளுடைய வலி மட்டும் கத்தாரில் பதிவாகியிருக்கிறது.