படிவத்தின் கடைசி வரி

இரத்தப் புற்றுநோய்க் கலங்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஏன் கண்டுகொள்வதில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காகக் கண்டியில் நோயாளிகளிடம் எலும்பு மச்சை கேட்டு வாங்குவேன். அவர்கள் கையெழுத்திடும் படிவத்தைத் தமிழில் எழுதியவளும் நான்தான். 'கொடுத்த மாதிரியை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம்' என்பது அதன் கடைசி வரி. ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் குழு கேட்டதால் சேர்த்தது. இத்தனை வருடங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு நாள் காலை அலவத்துகொடயிலிருந்து ஒருவர் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். இரண்டு மாதங்களுக்கு முன் அவர் மனைவி எனக்கு மச்சை கொடுத்திருந்தார்.

"வைஃப் விடிய மவுத்தாகிட்டா மிஸ். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்," என்றவர், மடித்து வைத்திருந்த படிவத்தை மேசையில் விரித்தார். "அவட உடம்புல எடுத்தது ஏதாச்சும் மிச்சமிருந்தா தாங்க. அதையும் அவவோட சேத்து அடக்கணும்."

மிச்சம் இருந்தது. ஃப்ரீசரில் ஆறு குழாய்கள். மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த கலங்கள். அப்படிப்பட்டவை இனிக் கிடைக்காது.

"எல்லாம் சோதனையிலயே முடிஞ்சிருச்சு," என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது.

அவர் முகம் தெளிந்தது. "அல்ஹம்துலில்லாஹ். அப்ப அவட ஒண்டும் வெளிய இல்ல." படிவத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் வந்த த்ரீவீல் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன். பேசிய நேரம் முழுவதும் நான் ஃப்ரீசர் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.