ஃபேன் பழுதுபார்க்க வந்தவர்

அழகப்பனுக்கு வயரிங் வேலை. சுவா சூ காங் வட்டாரத்தில் அவர் கைபடாத அடுக்குமாடி புளோக் குறைவு என்று கூட்டாளிகள் சொல்வார்கள். யார் வீட்டில் விளக்கு எரியவில்லை என்றாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். சொந்த வீட்டுக்கு மட்டும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். பூவம்மா ஒரு தடவை கேட்பாள், அதோடு விட்டுவிடுவாள். அவளும் சும்மா இருந்தவள் இல்லை. தேக்கா பக்கம் ஒரு கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அவர் வரும்போது அவள் தூங்கியிருப்பாள், அவள் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். இப்படியே காலம் ஓடிப்போயிற்று. ஒரே மகள் அனுப்ரியா கல்யாணமாகி பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறாள்.

அவர் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் பூவம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள். அப்புறம் லிஃப்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை. போன தீபாவளி கழிந்ததும் புருஷனையே மறக்கத் தொடங்கினாள். தெளிவாக இருக்கும்போது "என்னங்க" என்பாள். இல்லாதபோது "அண்ணே" என்பாள். கட்டிய மனைவி வாயிலிருந்து அந்தச் சொல் முதன்முதலில் வந்த அன்று அழகப்பன் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார்.

ஹாலில் ஃபேன் சுவிட்சைத் திருகிக்கொண்டே இருப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. கூட்டுவாள், குறைப்பாள், அணைப்பாள், மறுபடி போடுவாள். சுவிட்ச் எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் காலை குமிழ் பிடிப்பில்லாமல் கையோடு சுற்றியது. எதில் வைத்தாலும் ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடியது. ஓடினால் குளிருகிறது என்று பூவம்மா புடவையைப் போர்த்திக்கொண்டாள். நிறுத்தினால் புழுங்குகிறது என்று அழுதாள்.

அனுப்ரியா போனில் சொன்னாள்: "யாரையாச்சும் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கப்பா. உங்களுக்குக் கண்ணே சரியாத் தெரியல லா."

"வேத்தாளு வந்தா அம்மா பயப்படுவா. இந்த சுவிட்ச் மாத்த எனக்குத் தெரியாதா? நானே பாத்துக்கறேன்."

கீழே கடையில் புது ரெகுலேட்டர் வாங்கி வந்தார். பழைய வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்து, சுவரிலிருந்த மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு வயர் கருகிப்போயிருந்தது. அவர் அதை வெட்டிச் சீவிக்கொண்டிருந்தபோது பூவம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோப்பி போடவாண்ணே?"

"வேணாம்மா."

"எங்க வீட்டுக்காரரும் இந்த வேலதான். ஊரு வீட்டுக்கெல்லாம் லைட்டு போடுவாரு. எங்க வீட்டு சுவிட்ச பாக்கத்தான் நேரம் இருக்காது."

அழகப்பன் திரும்பவில்லை. வயரை முறுக்கிக்கொண்டே, "ரொம்ப மோசமான ஆளா?" என்று கேட்டார்.

"சே, நல்ல மனுசன். குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு. பேசத்தான் வராது." பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதைப்போலக் குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கு ரெண்டாவது ஒண்ணு இருந்துச்சு. பையன். வயித்துலயே போயிடுச்சு. அன்னிக்கு அவருக்கு சாங்கியில வேல. பாப்பாவ பக்கத்து வீட்ல விட்டுட்டு நானே டாக்சி புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறுநாள் வந்து சாப்பிட்டியான்னு கேட்டாரு. அவ்ளோதான். அப்புறம் அதப்பத்திப் பேசவே இல்ல."

ஸ்க்ரூடிரைவர் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்கு நேரமாயிற்று.

"அவரு அழுதிருந்தா நானும் அழுதிருப்பேண்ணே. அவரே அழல, நாம எதுக்குன்னு இருந்துட்டேன். அதுக்குப் பேருகூட வச்சிருந்தேன். அவருகிட்டச் சொல்லல."

அவர் தரையிலேயே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி கார்ப்பார்க்கில், வேனுக்குள், ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுத அழுகை அவருக்கு நினைவிருந்தது. அவள் முன்னால் அழுதால் அவள் உடைந்துபோவாள் என்று முகம் கழுவிக்கொண்டு மேலே போனார். என்ன கேட்பது என்று தெரியாமல்தான் சாப்பிட்டியா என்று கேட்டார்.

"அவரு அழுதாரும்மா. நான் பாத்தேன். வேன்ல உக்காந்து அழுதாரு."

பூவம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்க அவருகூட வேல பாத்தீங்களா?"

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல," என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

"பையனுக்கு என்ன பேரும்மா வச்சிருந்தீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். விரலால் புடவை ஓரத்தை நீவினாள். நெற்றி சுருங்கியது. "இருந்துச்சுண்ணே. நல்ல பேரு. இப்ப... இருங்க, வந்துடும்."

அவர் காத்திருந்தார். வரவில்லை. அவள் கண் கலங்கத் தொடங்கியதும், "பரவால்லம்மா, அப்புறம் சொல்லுங்க," என்று எழுந்துகொண்டார். ரெகுலேட்டரைப் பொருத்தி, மூடியை முடுக்கி, மெயினைப் போட்டார். ஃபேன் மெதுவாகச் சுற்றியது. பூவம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"வேல தெரிஞ்ச ஆளுண்ணே நீங்க. இருங்க, அவரு வந்துடுவாரு. பாத்துட்டுப் போங்க."

அவர் உட்கார்ந்தார். வேறு எங்கே போவது?

மறுநாள் இடியப்பத்தைப் பிய்த்து ஊட்டிக்கொண்டே, மனசு கேட்காமல், மெல்ல ஆரம்பித்தார்: "அந்தப் பையனுக்குப் பேரு வச்சிருந்தேன்னு சொன்னியேம்மா..."

"எந்தப் பையன்?" என்றாள் பூவம்மா. "எங்களுக்கு ஒரே பொண்ணுதாண்ணே."

"ஆமாம்மா," என்று சொல்லி அடுத்த வாயை ஊட்டினார்.

அனுப்ரியா போன் பண்ணி ஃபேன் சரியாயிடுச்சா என்று கேட்டாள். நன்றாக ஓடுகிறது என்றார். அவளுக்கு ஒரு தம்பி இருந்த கதை தெரியாது. சொல்லிவிடலாமா என்று போனைப் பிடித்தபடியே யோசித்தார். சொன்னால் பேர் என்ன என்று கேட்பாள். சரிம்மா, வச்சிடறேன் என்று மட்டும் சொன்னார்.