சிவலிங்கம் அண்ணர் அன்று மீன் சாப்பிடவில்லை

சிவலிங்கம் அண்ணரின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் நான் வணக்கம் சொல்வதில்லை. "என்ன சத்தம் அண்ணை?" என்றுதான் கேட்பேன். எங்கள் இருவருக்கும் சொந்தமான பழைய லொறியில் ஏதோ ஒன்று முனகுகிறது, உரசுகிறது என்று சொல்வதற்காகவே அவர் எடுப்பார். சென்ற மாதம் ஒரு காலையிலும் அப்படித்தான் கேட்டேன். மறுமுனையில் அவருடைய மனைவி ஈசுவரி அக்கா இருந்தார்.

"சத்தம் ஒண்டும் இல்லை மாஸ்டர். நித்திரையிலயே போட்டார்."

அவரை அறிந்த உங்களுக்கு, இது அவர் எதிர்பார்த்த சாவு அல்ல என்பது தெரியும். பிரேக் பிடிக்காமல், ரயர் வெடித்து, யானை குறுக்கே வந்து என்று பலவிதமான முடிவுகளுக்கு அவர் ஆயத்தமாக இருந்தார். அமைதியான சாவு ஒன்றைப் பற்றி மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை.

லொறியில் பாதி என்னுடையது. ஓடும்போது என் பாதி ஓடும், பழுதானால் அவர் பாதி பழுதாகும் என்பது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. "சத்தம் வந்தாப் பிழை. வராட்டிப் பெரிய பிழை" என்பார். பெரும்பாலும் அவருடைய சந்தேகம் பொய்த்துப் போகும். ஒருமுறை பின்சில்லைக் கழற்றிப் பரப்பிய பிறகுதான், ஆசனத்துக்குக் கீழே உருண்டுகொண்டிருந்தது என்னுடைய சாப்பாட்டுப் பெட்டி என்று தெரிந்தது. அவர் வெட்கப்படவில்லை. "இண்டைக்குச் சாப்பாட்டுப் பெட்டி. நாளைக்கு?" என்றார்.

செத்தவீட்டில் எனக்குப் பின்னால் இருந்த இருவர் மெல்லிய குரலில் கதைத்தார்கள். "பொங்கலுக்குப் போகேக்க மீன் திண்ட மனிசனல்லோ." "ஓம், அம்மாள் சும்மா விடுவாவோ." ஊரில் அவருக்கு இருந்த பெயர் இதுதான். அதைத் திருத்தவே எழுதுகிறேன். தான் உயிரோடு இருக்கும்வரை சொல்லக்கூடாது என்று அவர் கேட்டிருந்தார்.

அந்த மீன் கதை பிறந்த வருடம் ஈசுவரி அக்காவுக்கு ஒரு சத்திரசிகிச்சை இருந்தது. அது நல்லபடி முடியவேண்டும் என்று, வற்றாப்பளை அம்மன் கோயிலின் வீதியைச் சுற்றி உருளுவதாக அண்ணர் நேர்த்தி வைத்தார். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். மீன், இறைச்சி என்று எந்த மச்சத்தையும் தொடாமல் விரதம் இருந்தார். வைகாசிப் பொங்கலுக்கு எங்கள் லொறியில்தான் ஊர்ச்சனம் போவது. புறப்படுமுன் பெண்கள் லொறியைக் கழுவி, வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். இஞ்சினுக்கும் பங்கு வேண்டுமே என்று போனற்றைத் திறந்து உள்ளேயும் தாராளமாக ஊற்றினார்கள். பவர் ஸ்டியரிங்குக்கான எண்ணெய்ப் போத்தலின் மூடி எப்போதோ தொலைந்து, வாயில் துணி கட்டி மேலே பொலித்தீன் பை சுற்றியிருந்தது. கோயிலுக்குப் போகும் வாகனத்தில் அழுக்குப் பை எதற்கு என்று அதையும் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

ஒட்டுசுட்டானுக்கு முன்னால், காட்டு வளைவுகளில் ஸ்டியரிங் முனகத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் முனகல் கூடியது, பாரமும் கூடியது. கடைசியில் அண்ணர் இரண்டு கைகளாலும் எழும்பி நின்று திருப்பவேண்டியிருந்தது. நிறுத்தினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீதியோரத்தில் கிடந்த யானை இலத்தி இன்னும் காயவில்லை.

முன்சில்லுகளில் காற்றுப் பார்த்தார், இருந்தது. பம்பைச் சுற்றும் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், இறுக்கமாகவே இருந்தது. பிறகு துணியை அவிழ்த்து எண்ணெய்க்குள் விரலை விட்டு எனக்குக் காட்டினார். பால்தேத்தண்ணி நிறத்தில் நுரைத்திருந்தது.

"உள்ள தண்ணி போயிட்டுது மாஸ்டர். தெளிச்ச தண்ணி."

"அப்பிடியே சொல்லுவம்."

"அம்மாளாச்சிக்குத் தெளிச்ச தண்ணியாலதான் பழுதெண்டோ? என்னை ஆனைக்குப் போடுவினம்."

இதற்கிடையில் லொறியின் பின்பக்கத்தில் விசாரணை முடிந்து தீர்ப்பும் ஆகிவிட்டது. யாரோ சுத்தமில்லாமல் ஏறியிருக்கிறார்கள். யாரென்று தேடிய கண்கள் அதிகம் அலையவில்லை. புவனாவில் வந்து நின்றன. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம்; எங்கள் ஊரின் கடைசிக் காணியில் அண்மையில்தான் குடியேறியிருந்தார்கள். மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வெரதந்தாங்க இருக்கேன்" என்றாள் புவனா.

"ஆர் இல்லையெண்டது. இறங்கி நில்லும் பிள்ளை, பின்னால வாற பஸ்ஸில வாரும்."

அந்த நேரத்துக்குப் பின்னால் வர அந்த வீதியில் பஸ் இல்லை. சொன்னவருக்கும் அது தெரியும். புவனாவின் பையை எடுத்து மரியாதையாக வீதியில் வைத்தார்கள். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

அண்ணர் எண்ணெய் விரலைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். "அவ இருக்கட்டும்" என்றார். "நான்தான் காலமை மீன் சாப்பிட்டனான்."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். ஒரு பெரியவர் கேட்டார். "என்ன மீன்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், நெடுநேரம் யோசித்தார். "சூடை."

"பொரிச்சதோ?"

"குழம்பு. பிள்ளையின்ர பையை ஏத்துங்கோ."

ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டு வைத்திருப்பவர் என்பதால் எண்ணெய் இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, குழாயைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்தார். புதியதை ஊற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்றினார். நுரை அடங்கும்வரை அதையே செய்தார். அவ்வளவு நேரமும் காட்டுக்குள் ஒரு கிளை முறிந்தாலும் நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கினோம். லொறி புறப்பட்டபோது ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குத் திரும்பியது.

"பாத்தியளே, ஒத்துக்கொண்ட உடன விட்டிட்டுது" என்றார்கள் பின்னால்.

கோயிலில் அவர் உள்ளே வரவில்லை. லொறிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"உள்ள வாங்கோ அண்ணை. நேர்த்தி அல்லோ. ஆர் பாக்கப்போகினம்?"

"எல்லாரும்தான். நான் போனால் பொய்யெண்டு தெரிஞ்சிடும். திரும்பிப் போகேக்க அந்தப் பிள்ளையை இறக்கிப் போடுவினம்." பிறகு, "இவள் ஈசுவரிக்கு ஏதும் நடந்தா, மாஸ்டர்?" என்றார். அக்காவுக்குச் சத்திரசிகிச்சை முடியும்வரை அந்தக் கேள்வியை அவர் என்னிடம் தினமும் கேட்டார். முடிந்த பிறகும், தையல் பிரிந்தால் என்ன செய்வது என்று அவருக்கு நித்திரை வரவில்லை. அடுத்த வருடம் உருண்டு முடித்துத்தான் ஒருவாறு ஆறினார். ஈசுவரி அக்கா இன்றுவரை நன்றாக இருக்கிறார்.

செத்தவீட்டின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று புவனாவைத் தனியே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியுங்க" என்றாள். "மீன் சாப்பிட்டவரு என்ன மீனுன்னு கேட்டா யோசிப்பாருங்களா?"

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு வெளிய நின்னாருல்ல, அப்ப அக்கா பேரச் சொல்லி வீதி முழுக்க நான் விழுந்து கும்பிட்டு வந்தேன். நேத்திக்கடன் அன்னைக்கே தீந்துருச்சு."

"அவரிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"அவரு பொய் எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அதுக்கும் பயப்படுவாருங்க."

அவள் கணித்தது சரி.

அவருடைய ஸ்பானர்களை அக்கா எனக்குத் தந்தார். எது எதற்கு என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு உண்மையில் வந்து சேர்ந்தது அவருடைய பயம். முன்பெல்லாம் லொறியில் நித்திரை கொள்வேன். இப்போது காது கொடுத்தபடி இருக்கிறேன். முனகல் கேட்டால் நிறுத்தி, இறங்கி, போனற்றைத் திறக்கிறேன். பின்னால் யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.