சீனியை விட்டவள் வீட்டுக் கருப்பட்டி

வியாழக்கிழமை, காலை 6.10. மதுரை மாட்டுத்தாவணியில் இராமநாதபுரம் பேருந்து ஏறும்போதே எனக்குக் கோபம். சாயல்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கை பஞ்சவர்ணத்துக்கு ஆடி மாதம் கால் கட்டைவிரலில் முள் குத்தியது. இது ஐப்பசி. இன்னும் புண் ஆறவில்லை. இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண் போனில் என் மனைவியிடம் சொன்னாள். பஞ்சவர்ணத்துக்குச் சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம். ஏழு மாதமாக மாத்திரையே போடவில்லையாம். கேட்டால், "நாந்தான் சீனியையே விட்டுட்டேனே" என்கிறாளாம்.

விட்டது எப்படி என்றும் சொல்ல வேண்டும். காசிக்குப் போகிறவர்கள் பிடித்த பண்டம் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவார்கள். காசிக்குப் போக வசதியில்லாத எங்கள் வீட்டுப் பெண்கள் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழுகி அதைச் செய்வது வழக்கம். பெரும்பாலும் பாகற்காயை விடுவார்கள். பிடிக்காததை விடுவதில் சிரமம் இல்லை. இவள் பங்குனி மாதம் சீனியை விட்டாள். அன்றிலிருந்து கருப்பட்டிக் காபி ஐந்து வேளை. இடையில் தேன், பனங்கற்கண்டுப் பால். சாமி பார்த்துக்கொள்வார் என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

எனக்கும் சர்க்கரை நோய்தான், பத்தொன்பது வருடமாக. பை நிறையச் சர்க்கரை அளக்கும் கருவியும் அதற்கான பட்டைகளும் கொண்டுபோனேன். அதற்கு முன் ஆறு வாரம் வீட்டிலேயே சோதித்தும் பார்த்திருந்தேன். வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில், கடுங்காபியில் இருபது கிராம் இனிப்பு. ஒரு மணி நேரம் கழித்து விரலில் ஊசி. சீனிக்கு 66 ஏறியது. நாட்டுச்சர்க்கரைக்கு 61. தேனுக்கு 58. தென்னஞ்சர்க்கரைக்கு 53. கோடையில் நம்பிக்கையான இடத்தில் வாங்கி வைத்திருந்த கருப்பட்டிக்கு 51. ஸ்டீவியா என்கிற சீனித்துளசி இலைப்பொடி கால் கரண்டிதான் போட்டேன், அதற்கு 4. இது என் ஒருவன் உடம்புக் கணக்கு. உங்களுக்கு வேறு வரலாம். ஆனால் இலையைத் தவிர மற்றதெல்லாம் சர்க்கரைதான். கொஞ்சம் மெதுவாக ஏறும் சர்க்கரை. மெதுவாக ஏறுகிறது என்று இரண்டு மடங்கு குடித்தால் சீனியை விட அதிகமாகவே ஏறும். இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பெரிய படிப்புத் தேவையில்லை.

காலை 9.20. இராமநாதபுரத்தில் சாயல்குடி வண்டி மாறினேன். பக்கத்து இருக்கையில் கீழக்கரைக்காரர் ஒருவர், என் வயதுதான் இருக்கும். துபாயில் மகன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். பேரீச்சம்பழப் பெட்டியைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

"எடுங்க. ஒண்ணும் செய்யாது."

"எனக்குச் சுகர் இருக்கு."

"எனக்குந்தான் இருக்கு. அல்லாஹ் மரத்துல வச்ச இனிப்பு, அது கெடுதி பண்ணுமா?"

"கரும்பை மட்டும் யார் வச்சாங்களாம்?"

அவர் சிரித்துவிட்டார். "எம் மருமகனும் இதேதான் சொல்றான். அவன் டாக்டரு. நீங்களும் டாக்டரா?"

"சர்வேயர். ரிட்டயர்டு."

"அதான் அளந்து பேசுறீங்க" என்று சொல்லி, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கீழக்கரையில் அவர் இறங்குவதற்குள் ஒன்பது பழம். எண்ணினேன். சொல்லவில்லை.

பகல் 11.30. சாயல்குடிக்கு முன்பே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தங்கை மாப்பிள்ளை காளிமுத்துவின் கடை வாசலில் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கடையின் பின்கட்டுதான் அவர்கள் வீடு. முகப்பில் என் உயரத்துக்கு ஒரு பலகை: 'சுத்தமான கருப்பட்டிக் காபி ரூ.20. கருப்பட்டி கிலோ ரூ.300. சுகர் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.' ராமேஸ்வரத்திலிருந்து திருச்செந்தூர் போகும் வேன்கள் மூன்று நின்றன. வந்தவர்கள் கையில் காபி, பையில் கருப்பட்டி.

"வாங்க மச்சான். என்ன, போனு கீனு இல்லாம?" என்றார் காளிமுத்து. "ஒரு காபி போடவா?"

"தங்கச்சி எங்கே?"

பின்கட்டில் பஞ்சவர்ணம் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். காலில் பாலித்தீன் பை கட்டியிருந்தாள். அவிழ்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். நானே அவிழ்த்தேன். விரல் நுனி கறுத்திருந்தது. நாற்றம். கைவிரலில் குத்திப் பார்த்தேன், 342.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"புண்ணுதானண்ணே, மஞ்சப்பத்துப் போட்டா ஆறிரும். சீனி தின்னாத்தானே சுகரு? நான் தொட்டே ஏழு மாசமாச்சு."

சீனித்துளசிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். இனிப்பு கேட்கிற நாக்குக்கு இதைப் போட்டுக்கொள் என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பேருலயே சீனி கெடக்கு. வேணாம்."

அன்று மாலை வரை பேசினேன். சத்தம் போட்டேன். கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரத்தத்தைச் சொன்னால் அவள் கோயிலைச் சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை, காலை 6.00. காளிமுத்துவின் கருப்பட்டியையே இருபது கிராம் நிறுத்துப் போட்டுக் கடுங்காபி குடித்தேன். குடிக்கும் முன் 118. ஏழு மணிக்கு 187. ஏறியது 69. என் வீட்டுச் சீனியை விட மூன்று அதிகம். கருவியை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குள் போனேன்.

"மாப்பிள்ளை, என்னய்யா விக்கிறீர்? இது சீனி ஏறுறமாதிரில்ல ஏறியிருக்கு?"

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீகளா?"

"நல்ல கருப்பட்டிக்கு இப்படி ஏறாது. நான் அளந்து வச்சிருக்கேன்."

அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினார். அவருக்கும் கோபம் வந்திருந்தது. "ஐப்பசியில ஏது மச்சான் பதனி? ஆடியோட பனையில பாளை சீவுறது நின்னுபோச்சு. வேன்காரன் கேக்கானே, எங்கன போவேன்? எனக்குச் சரக்குப் போடுற ஆளு சீனி மூட்டைய உடச்சுக் கொட்டி, பழைய கருப்பட்டியில கொஞ்சம் நிறத்துக்குச் சேத்துக் காய்ச்சித் தாரான். முந்நூறு ரூவாய்க்கு அதான் வரும். நயம் வேணும்னா வெலையக் கேட்டு நீங்களே மயங்கி விழுவீக. இதெல்லாம் தெரிஞ்ச கதைதான்."

டம்ளர் கழுவும் சத்தம் நின்றது. பஞ்சவர்ணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் அதையா குடுத்தீங்க?"

"ஒனக்குன்னு தனியாவா காய்ச்சுவாக?"

"சீனின்னு தெரிஞ்சா குடுத்தீங்க?"

காளிமுத்து அடுப்பைப் பெரிதாக்கினார். "கருப்பட்டி காபின்னாத்தானே வண்டி நிக்குது" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"சாமிகிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றாள் அவள். சத்தமாகச் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். "அண்ணே, கார் சொல்லு. ராமேஸ்வரம் போகணும்."

காலை 8.15. வாடகைக் கார், ரூ.1,600. அவள் ராமேஸ்வரம் என்கிறாள், நான் இராமநாதபுரம் ஆஸ்பத்திரி என்கிறேன். அழுகிய விரலைக் கடலில் முக்கப் போகிறாளாம். ஏர்வாடியிலும் இதே பேச்சு, கீழக்கரையிலும் இதே பேச்சு. ஓட்டுநர் கடைசியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"அக்கா, ராமநாதபுரம் வந்துருச்சு. நேராவா, திரும்பவான்னு ரெண்டு பேரும் பேசி ஒண்ணாச் சொல்லுங்க. பின்னால பஸ்காரன் ஹாரன் அடிக்கான்."

"நான் ஆஸ்பத்திரியில படுக்குறேன்" என்றாள் பஞ்சவர்ணம், என்னைப் பார்க்காமல். "நீ போயி எனக்காகச் சொல்லிட்டு வரணும். தெரியாமத்தான் தின்னேன்னு. போவியா?"

எனக்கு இந்த நேர்ச்சைகளில் நம்பிக்கை இல்லை. போகிறேன் என்றேன்.

அரசு மருத்துவமனையில் இளம் டாக்டரம்மா ஒருவர் காலைப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகப் பேசினார். விரலை எடுத்தாக வேண்டும். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதம் போயிருக்கும். இப்போதைக்குப் பாதத்தைக் காப்பாற்றிவிடலாம், சர்க்கரை இறங்கினால். "இறங்கினால்" என்பதை என்னைப் பார்த்துச் சொன்னார், நான்தான் ஊட்டினேன் என்பதுபோல. மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்த காளிமுத்து கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அவரை என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்தப் பலகையை நம்பி வாங்கிப் போனவர்கள் எத்தனை வேன், எத்தனை வீடு? இதைத்தான் என்னால் எண்ண முடியவில்லை. அதுதான் எரிகிறது.

மாலை 4.40. ராமேஸ்வரம். பாம்பன் பாலத்தில் பேருந்து போகும்போது சன்னல் ஓரத்துக்காரர்கள் எல்லோரும் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. அக்னி தீர்த்தத்தில் கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவுக்கு இறங்கினேன். பக்கத்தில் வடநாட்டுக் குடும்பம் ஒன்று கைபிடித்து முழுகிக்கொண்டிருந்தது. மூன்று முழுக்குப் போட்டேன். தெரியாமல் தின்றாள் என்று சொன்னேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. நான் இன்னும் கொஞ்சம் சொன்னேன்.

கரையேறித் தலை துவட்டாமலே போன் செய்தேன். வார்டில் அவளே எடுத்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். சீனியோட சேத்து கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு, நாட்டுச்சக்கரை, பேரீச்சம்பழம் எல்லாத்தையும் ஒன் பேரைச் சொல்லி விட்டுட்டேன். மூணு முழுக்கு."

"பனங்கற்கண்டுமா?"

"அதுவும்."

"ஒன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

பின்னால் யாரோ செவிலி ஊசிக்குக் கூப்பிடுவது கேட்டது. "சரி" என்றாள் பஞ்சவர்ணம். "தண்ணில நின்னு சொல்லியாச்சு, இனி என்ன செய்ய. வை."

இரவுப் பேருந்தில் ஈர வேட்டியோடு மதுரை திரும்பினேன். என் தெருமுனையில் புதிதாக ஒரு காபிக் கடை திறந்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு பலகை, அதே வாசகம், காபிக்கு ஐந்து ரூபாய் கூட. நம் ஊருக்கும் அந்தக் கடற்கரைக்கும் வித்தியாசம் அந்த ஐந்து ரூபாய்தான். ஒன்பது வருடம் நான் எண்களைச் சொன்னேன், கேட்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு நிமிடம் சொன்னதைக் கேட்டுவிட்டாள். அவள் கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். அதற்குள் ஒரு விரல் போகும்படி ஆகிவிட்டதே என்கிற ஆத்திரம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.