நற்கருணைக்கு எழும்பாதவள்

எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு வாயும் திறவாது என்று பெருமையடிப்பேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். பக்கத்து வீட்டு ரெனிஷாவின் வாய் ஏன் மூடிக் கிடக்கிறது என்பதே எனக்கு நெடுநாள் தெரியவில்லை.

பத்து வயதுப் பிள்ளை. மூன்று கிழமைக்கு ஒருமுறை, இருபத்தொரு நாள் கணக்காக, காய்ச்சலோடு வாயெல்லாம் புண் வெடிக்கும். அந்த ஞாயிறுகளில் எச்சிலும் விழுங்க முடியாமல், நற்கருணை அப்பம் வாங்க எழும்பாமல், கோயில் வாங்குப் பலகையிலேயே இருப்பாள். "சாமியாரிட்ட பாவசங்கீர்த்தனம் செய்யாதவள்", "பொய் சொன்ன வாய்" என்று மற்றப் பிள்ளைகள் முன்வாங்குக்கு மாறினார்கள். சுகமான ஞாயிறுகளிலும் அவர்கள் திரும்பி வரவில்லை.

பல கிழமைகள் இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அவளுக்கு முறைவைத்துக் குறைகின்றன, மற்றவருக்குத் தொற்றாது.

போன ஞாயிறு நான் அவளருகே போய் இருந்து, முன்வாங்குப் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சொன்னேன்:

"பாவமுமில்லை, பொய்யுமில்லையடி! இவளின்ர இரத்தத்தில நிக்கிற காவல்காரர் மூண்டு கிழமைக்கு ஒருக்கா கூண்டோட லீவில போயிடுவினம். ஒரு குஞ்சு குருமனும் மிஞ்சாது!"

ஒருத்தியும் திரும்பவில்லை. ரெனிஷா கன்னத்தைப் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"அப்பிடியில்லை ஆச்சி. கொஞ்சப்பேர் நிக்கினமாம். தனிய நிண்டு சமாளிக்க ஏலாதாம்."