மாற்றிய சீட்டு எத்தனை

ஆபீஸ் மதிய இடைவேளையில் உத்தமன் வேண்டாத மூன்று சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு மூன்று கேட்டால், லாவண்யா தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்க மாட்டாள். “ஒரு ஜோடி வெச்சிருக்கே. பெருசா இல்ல,” என்பாள்.

“சும்னே பயமுறுத்தாதே,” என்பான் உத்தமன். மல்லேஸ்வரத்தில் பிறந்தவன், ‘சும்மா’ என்பதுகூடக் கன்னடமாகத்தான் வந்து விழும். கடைசியில் சீட்டைத் திருப்பினால் இரண்டு எட்டு இருக்கும்.

அமெரிக்காவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த மேனேஜர் ரகு கற்றுக்கொடுத்த போக்கர் அது. ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைக் கொடுத்து வேறு வாங்கலாம். பிறகு பந்தயம் ஏறும். துணிந்தவர் காட்டலாம், பயந்தவர் சீட்டைக் கவிழ்த்துப் பந்தயத்தை விட்டுக்கொடுக்கலாம். பந்தயம் வறுத்த கடலை. பாதியை உத்தமன் தின்றுவிடுவதால் எந்த ஆட்டமும் நீளாது.

லாவண்யா ஆம்பூர்க்காரி. பிறர் எழுதிய புரோகிராமில் பிழை பிடிப்பது வேலை. பிழை எங்கே ஒளிந்திருக்க அதிக வாய்ப்போ அங்கே முதலில் கைவைப்பாள். சீட்டிலும் அதே குணம்தான். எதிராளியிடம் இருக்கக்கூடியதை எல்லாம் மனதில் பரப்பிக்கொண்டு, அவன் செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒன்றை அடித்துக்கொண்டே வருவாள். ஒரு சீட்டு மட்டும் மாற்றினால் இரண்டு ஜோடி இருக்கலாம், அல்லது ஒரே ஜாதியில் நாலு சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருக்கலாம். “அந்த அஞ்சாவது அஞ்சு தடவையில ஒரு தடவதான் வரும்,” என்பாள். ஒன்றுமே மாற்றாதவரிடம் ஐந்தும் சேர்ந்த முழுக்கை இருக்கும், இல்லையென்றால் பெரும் புளுகு இருக்கும்.

ரகுவுக்குப் புளுகு வராது. இரண்டு வருடத்தில் அவர் வெறுங்கையோடு பந்தயம் ஏற்றி அவள் பார்த்ததில்லை. நல்ல கையைக் கவிழ்த்தும் பார்த்ததில்லை.

2001 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அமெரிக்காவில் வியாபாரம் படுத்ததில் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று ஆபீசில் ஒரே பேச்சு. ரகு வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். முதல் ஆட்டத்தில் உத்தமனின் கடலையை வழித்து எடுத்தார். அடுத்ததில் ஒரு சீட்டு மாற்றினார், பந்தயம் ஏற்றினார், லாவண்யா எதிர்த்து ஏற்றியதும் கவிழ்த்துவிட்டார்.

ஐந்தாவது வரவில்லை போல, என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த ஆட்டத்தில் ரகு ஒன்றுமே மாற்றவில்லை. லாவண்யாவிடம் இரண்டு ராஜா மட்டும். சும்மா சீண்டிப் பார்க்க ஆறு கடலையைத் தள்ளினாள். ரகு உடனே கவிழ்த்தார். “தம்பி காலேஜ் முடிச்சிட்டானா?” என்று கேட்டார். அவளுக்குத் தம்பி இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

ஒன்றும் மாற்றாமல் இருந்துவிட்டு ஆறு கடலைக்குப் பயப்படும் கை எது? ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். எதுவும் மிஞ்சவில்லை. முந்தின ஆட்டத்திலும் ஐந்தாவது வராமல் அவர் பந்தயம் ஏற்றியிருக்க மாட்டார். கவனம் வேறெங்கோ என்றால் உத்தமனிடமும் தோற்றிருப்பார். அவளிடம் மட்டும்தான் தோற்கிறார். 

“எனக்கு லெட்டர் திங்கக்கெழமையா, ரகு?”

“யாரு சொன்னது?”

“நீங்கதான். ரெண்டு தடவ.”

உத்தமன் கடலை மெல்லுவதை நிறுத்தினான். ரகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “லிஸ்ட்ல உன் பேர நான் எழுதல. மேல மாத்திட்டாங்க. காலையிலதான் பார்த்தேன். மூணு மாச சம்பளம் தர்றாங்க. என்னால முடிஞ்சது அவ்ளோதான்.”

லாவண்யா தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதிக்கு மேல் குடித்தாள்.  பாத்ரூமுக்குப் போய் அழலாம் என்று தோன்றியது. மதிய இடைவேளை முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

அவள் கையை நீட்டி, ரகு கவிழ்த்த சீட்டுகளைத் திருப்பினாள். ஐந்தும் ஆட்டின், சிவப்பு இதயம் போட்ட ஒரே ஜாதி; இரண்டு ராஜாவைச் சுலபமாக அடிக்கும் கை.

“இதப் போய் கவுத்தீங்களா?”

ரகு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நல்லா இல்ல ரகு இது. தோக்கறதா இருந்தா நானே தோத்துக்கறேன்.”

தன் இரண்டு ராஜாவை எடுத்து அந்த ஐந்து ஆட்டினுக்குப் பக்கத்தில் முகம் தெரிய வைத்தாள். பிறகு நடுவில் கிடந்த கடலையை இரண்டு கையாலும் கூட்டி, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல், அவர் பக்கம் தள்ளினாள்.